பலாமரப் பொந்தில் பதுங்கிய படம்

உரிமையாளர்கள் வெட்டிய, மாற்றிய, மறந்த படங்களை ரசிகர்கள் தேடிப் பிடித்து மீட்கிறார்கள். பியூனஸ் அயர்ஸில் அது நடந்தது. திருவனந்தபுரத்திலும் நடந்தது. மலையாள சினிமாவின் முதல் படத்துக்கு மட்டும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை.

நெய்யாற்றின்கரை ஸ்ரீகிருஷ்ணசுவாமி கோயிலுக்குப் போகிறவர்கள் சாமியைக் கும்பிட்ட கையோடு, அங்கே பாதுகாக்கப்படும் ஒரு பழைய பலாமரத்தையும் பார்த்துவிட்டு வருகிறார்கள். அம்மச்சிப் பிலாவு என்று பெயர். எட்டுவீட்டுப் பிள்ளைமாரின் ஆட்கள் துரத்தியபோது இளவரசர் மார்த்தாண்ட வர்மா இதன் பொந்துக்குள் ஒளிந்து உயிர் தப்பினார் என்பது ஊர் வழக்கு. பாறசாலை, ஒற்றசேகரமங்கலம் என்று நீளும் எல்லைக் கிராமங்களில் இந்தக் கதையைத் தமிழிலும் கேட்கலாம், மலையாளத்திலும் கேட்கலாம்.

அந்த மன்னரின் கதையைச் சொன்ன சினிமா ஒன்றும் ஏறக்குறைய இப்படித்தான் பிழைத்தது. கோர்ட் உத்தரவால் பறிபோன அந்தப் படத்தின் பிரின்ட், திருவனந்தபுரத்தில் ஒரு புத்தகப் பதிப்பாளரிடம் சுமார் 40 ஆண்டுகள் அடைந்து கிடந்தது. தேடி வந்த ஒரு சினிமா ரசிகர் அதை வெளியே எடுத்தார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு எடுக்கப்பட்ட இன்னொரு படத்துக்கு ஒளியப் பொந்து கிடைக்கவில்லை. அதில் இன்று ஒரு அடி ஃபிலிம்கூட மிச்சமில்லை. இரண்டையும் எடுத்தவர்கள் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்கள்.

தொலைந்த பிள்ளை

முதல் படத்தின் பெயரே ஒரு சாபம்போல அமைந்துவிட்டது. ‘விகதகுமாரன்’ என்றால் தொலைந்துபோன பிள்ளை. எடுத்தவர் அகஸ்தீஸ்வரத்தைச் சேர்ந்த ஜே.சி. டேனியல். சினிமா கற்றுக்கொள்ள சென்னைக்கும் பம்பாய்க்கும் போய் வந்தவர், குடும்ப நிலத்தை விற்ற பணத்தில் 1926-ல் திருவனந்தபுரம் பட்டத்தில் ‘டிராவன்கூர் நேஷனல் பிக்சர்ஸ்’ என்ற கம்பெனியைத் தொடங்கினார். கதை, டைரக்‌ஷன், கேமரா, கதாநாயகன் வேடம் எல்லாம் அவரே.

திருவிதாங்கூர்ப் பணக்காரர் ஒருவரின் மகனைக் கடத்தி இலங்கைக்குக் கொண்டுபோகிறான் வில்லன். தோட்டக் கூலியாக வளரும் பையன் பிற்பாடு உறவுக்காரர் கண்ணில் பட்டு வீடு திரும்புகிறான். இதுதான் கதை. புராணப் படங்களே ஓடிய காலத்தில் ஒரு சமூகக் கதையைத் தேர்ந்தெடுத்தது துணிச்சல் என்றால், நாயர் குலப் பெண்ணின் வேடத்துக்கு பி.கே. ரோசி என்ற தலித் பெண்ணை நடிக்க வைத்தது அதைவிடப் பெரிய துணிச்சல்.

திருவனந்தபுரம் கேப்பிடல் தியேட்டரில் படம் திரையிடப்பட்டது. 1928 என்றே நீண்ட காலம் சொல்லி வந்தார்கள். 1930-ல்தான் என்கிறார்கள் பிற்கால ஆய்வாளர்கள். வருடத்தில்தான் கருத்து வேறுபாடு. நடந்ததில் இல்லை. தாழ்த்தப்பட்ட சாதிப் பெண் நாயர் பெண்ணாக வருவதைப் பொறுக்காதவர்கள் திரையைக் கல்லால் அடித்தார்கள். ரோசியின் குடிசைக்குத் தீ வைத்தார்கள். அவர் இரவோடிரவாகத் தமிழ்ப் பகுதிக்கு ஓடி, வேறு பெயரில் நாகர்கோவிலில் வாழ்ந்து மறைந்தார் என்று பின்னாளில் தெரிய வந்தது. வேறு ஊர்களில் படத்தை ஓட்டிப் பார்த்தும் டேனியலுக்குப் போட்ட பணம் திரும்பவில்லை. ஸ்டூடியோவை மூடினார். பல் வைத்தியம் கற்று, தமிழ்நாட்டு ஊர்களில் அதைச் செய்து பிழைத்தார்.

வீட்டில் மிச்சமிருந்த ஃபிலிம் சுருளைச் சிறுவயதில் விவரம் தெரியாமல் எரித்து விளையாடியதாக அவருடைய இளைய மகன் பிற்காலத்தில் வருத்தத்தோடு சொன்னார். அக்கால ஃபிலிம் நைட்ரேட்டால் ஆனது. பொறி பட்டால் போதும், பற்றிக்கொண்டு எரியும். மலையாள சினிமாவின் தொடக்கம் ஒரு குழந்தையின் மத்தாப்பாக முடிந்தது.

வழக்கு கொன்றது, வழக்கே காத்தது

இரண்டாவது படம் ‘மார்த்தாண்ட வர்மா’. நாகர்கோவிலைச் சேர்ந்த ஆர். சுந்தர்ராஜ் தயாரிக்க, பி.வி. ராவ் டைரக்ட் செய்தார். இதுவும் ஊமைப்படம்தான். சி.வி. ராமன் பிள்ளை 1891-ல் வெளியிட்ட புகழ்பெற்ற நாவலைத் தழுவியது. வசன அட்டைகள் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் வரும்.

1933-ல் அதே கேப்பிடல் தியேட்டரில் படம் வெளியானது. நாவலின் உரிமை வைத்திருந்த கமலாலயா புக் டிப்போ, தங்கள் அனுமதி இல்லாமல் படம் எடுத்துவிட்டதாகக் கோர்ட்டுக்குப் போனது. வழக்கு பதிப்பாளருக்குச் சாதகமானது. படம் தியேட்டரிலிருந்து இறங்கியது. பிரின்ட் பதிப்பாளர் வசம் போனது. சுந்தர்ராஜின் முதலீடு அத்தோடு போயிற்று.

அன்றைக்கு இது படத்துக்கு விழுந்த மரண அடி. இன்றைக்குத் திரும்பிப் பார்த்தால் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. அந்தக் காலத்தில் ஓடி முடிந்த படங்களுக்கு மறுவாழ்வு கிடையாது. டென்ட் கொட்டகை கொட்டகையாகச் சுற்றித் தேய்ந்த பிரின்டுகளைப் பழைய சாமான் வியாபாரிகள் வாங்கினார்கள். ஃபிலிமில் பூசியிருக்கும் வெள்ளியைப் பிரித்தெடுத்தால் காசு. முதல் இந்தியப் பேசும் படமான ‘ஆலம் ஆரா’ (1931) இன்று இல்லை. முதல் தமிழ்ப் பேசும் படமான ‘காளிதாஸ்’ (1931) இல்லை. நடராஜ முதலியார் எடுத்த தென்னிந்தியாவின் முதல் படம் ‘கீசக வதம்’ இல்லை. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரம் தயாரித்த முதல் மலையாளப் பேசும் படம் ‘பாலன்’ (1938) இல்லை. யாருக்கும் தேவைப்படாத வழக்குச் சொத்தாக முடங்கிய ‘மார்த்தாண்ட வர்மா’ மட்டும் அப்படியே இருந்தது.

அதைத் தேடி எடுத்தவர் பி.கே. நாயர். 1933-ல் திருவனந்தபுரத்தில் பிறந்தவர். படம் பிறந்த அதே ஆண்டு, அதே ஊர். சிறுவயதில் மற்றப் பையன்கள் தபால்தலை சேர்த்தபோது இவர் சினிமா டிக்கெட்டுகளைச் சேர்த்தார். எடை பார்க்கும் மெஷினில் நட்சத்திரங்களின் படத்தோடு விழும் அட்டைகளையும் விடவில்லை. பூனாவில் 1964-ல் தொடங்கிய தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் மறு ஆண்டே சேர்ந்து, 1991-ல் ஓய்வு பெறும் வரை அதை வளர்த்தார். ஃபால்கேயின் படங்களில் மிஞ்சியவற்றைச் சேர்த்ததும் அவர்தான். 1974-ல் ‘மார்த்தாண்ட வர்மா’ பெட்டி அவர் மூலம் பூனா போய்ச் சேர்ந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய ஊமைப்படங்களில் முழுதாகவோ பாதியாகவோ எஞ்சியவை மிகச் சில. தென்னிந்தியாவின் பங்குக்குப் பெயர் சொல்ல நிற்பது இந்த ஒன்று. நாயர் 2016-ல் காலமானார். அவர் அரசுச் சம்பளம் வாங்கிய அதிகாரிதான். ஆனால் வேலை விதிகளில் எங்கும் எழுதியிராத அலைச்சலை அவரிடம் செய்ய வைத்தது, டிக்கெட் சேர்த்த அந்தப் பையன்.

பியூனஸ் அயர்ஸில் ஒரு புகார்

நாயரைப் போன்றவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். டேனியல் திருவனந்தபுரத்தில் கேமராவோடு போராடிய அதே ஆண்டுகளில், ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் லாங் ‘மெட்ரோபோலிஸ்’ எடுத்துக்கொண்டிருந்தார். மேலே பணக்காரர்கள் வாழும் நகரம், பூமிக்கடியில் தொழிலாளர்கள், பெண் உருவில் ஒரு இயந்திர மனுஷி. விஞ்ஞானக் கற்பனைப் படங்களுக்கெல்லாம் தாத்தா என்று சொல்லத் தக்க அது 1927 ஜனவரியில் பெர்லினில் வெளியானபோது இரண்டரை மணி நேரம் ஓடியது. கூட்டம் வரவில்லை. தயாரித்தவர்களும் அமெரிக்க வினியோகஸ்தர்களும் கத்திரியை எடுத்தார்கள். ஏறத்தாழ கால் பங்கு போய்விட்டது. லாங் எடுத்த முழுப் படம் இனி கிடைக்காது என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள்.

அர்ஜென்டினாத் தலைநகர் பியூனஸ் அயர்ஸில் ஃபெர்னாண்டோ பேனியா என்ற சினிமா வரலாற்று ஆர்வலரின் காதில் ஒரு புகார் விழுந்தது. புகார் சொன்னவர் ஒரு சினிமா கிளப்பை நடத்தியவர். பல வருடங்களுக்கு முன் ‘மெட்ரோபோலிஸ்’ ஓட்டியபோது பிரின்ட் சரியில்லாமல் ஆடியதாம். புரொஜக்டரில் விரலை வைத்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் அழுத்திக்கொண்டே நிற்க வேண்டியதாயிற்றாம். மற்றவர்கள் கேட்டுச் சிரித்திருப்பார்கள். பேனியாவோ கணக்குப் போட்டார். உலகத்துக்குத் தெரிந்த பிரின்ட் அவ்வளவு நேரம் ஓடாதே!

1928-லேயே ஒரு உள்ளூர் வினியோகஸ்தர் வெட்டுப்படாத பிரின்டை அர்ஜென்டினாவுக்குக் கொண்டுவந்திருந்தார். அது ஒரு விமர்சகரின் சொந்தச் சேகரிப்புக்குப் போய், அங்கிருந்து அரசு நிதியத்துக்குப் போய், கடைசியில் 1992-ல் நகரின் சினிமா மியூசியத்துக்கு வந்தது. இடையில் நைட்ரேட் ஆபத்து என்று 16 எம்.எம்.மில் நகல் எடுத்துவிட்டு மூலத்தை அழித்துவிட்டார்கள். மியூசியத்துக்குப் புதிய இயக்குநராக வந்த பவுலா ஃபெலிக்ஸ்-டிடியரும் பேனியாவும் 2008-ல் அந்தப் பெட்டியைத் திறந்தார்கள். தொலைந்துவிட்டதாக உலகம் நினைத்திருந்த காட்சிகள் கீறல் மழையோடு ஓடின. ஜெர்மனியில் சீர்படுத்தப்பட்டு, 2010 பிப்ரவரியில் பெர்லின் திரைப்பட விழாவில் ஏறக்குறைய முழுப் படமும் மீண்டும் திரைக்கு வந்தது. சேர்த்த பகுதிகளில் கீறல்கள் இன்றும் தெரிகின்றன.

படைத்தவரே ஒளித்தால்?

‘மெட்ரோபோலிஸ்’ படத்தை வெட்டியவர்கள் வியாபாரிகள். இன்னொரு பிரபல விஞ்ஞானப் படத்தின் கதையில் ரசிகர்கள் எதிர்த்து நின்றது படத்தை உருவாக்கியவரையே.

ஜார்ஜ் லூகாஸின் ‘ஸ்டார் வார்ஸ்’ 1977 மே மாதம் வெளியானது. 20 ஆண்டு கழித்து, 1997-ல், லூகாஸ் அதைக் கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் சேர்த்துப் புதுப்பித்து ‘ஸ்பெஷல் எடிஷன்’ என்று வெளியிட்டார். காலி இடத்தில் விலங்குகள் நடந்தன. விட்டுப்போன காட்சி உள்ளே வந்தது. முன்பு கதாநாயகர்களில் ஒருவரான ஹான் சோலோ சுட்ட இடத்தில் இப்போது எதிராளி முதலில் சுட்டான். 2004 டிவிடி-யிலும் 2011 ப்ளூ-ரேயிலும் மேலும் மாற்றங்கள். தான் நினைத்த படம் இதுதான், பழையது முடிந்துபோன விஷயம் என்பது லூகாஸின் நிலை. 2006-ல் பழைய வடிவத்தை டிவிடி-யில் இலவச இணைப்பாகக் கொடுத்தபோதுகூட, 1993-ல் லேசர் டிஸ்க்குக்காகத் தயாரித்த மங்கலான பிரதியைத்தான் கொடுத்தார்கள்.

வேடிக்கை என்னவென்றால், கறுப்பு வெள்ளைப் படங்களுக்குக் கம்ப்யூட்டரில் வண்ணம் பூசுவதை எதிர்த்து 1988-ல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்பு வாதாடியவர்களில் லூகாஸும் ஒருவர். பழைய படங்கள் மக்களின் கலாசாரச் சொத்து, அவற்றை மாற்றக்கூடாது என்பது அன்று அவர் வாதம். அவர் விட்ட வாதத்தை ரசிகர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

செக் நாட்டு ரசிகர் பீட்டர் ஹர்மாசெக் 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தனியாக உட்கார்ந்து, ப்ளூ-ரே படத்தில் புதிதாகச் சேர்த்தவற்றை ஷாட் ஷாட்டாக நீக்கினார். அந்த இடங்களைப் பழைய டிவிடி, லேசர் டிஸ்க், ஃபிலிம் துண்டுகளிலிருந்து கிடைத்த காட்சிகளால் நிரப்பினார். ‘டீம் நெகடிவ் ஒன்’ என்ற ரசிகர் குழு வேறு வழியில் போனது. 1977-ல் தியேட்டரில் ஓடிய 35 எம்.எம். பிரின்டைப் பிடித்து, ஃபிரேம் ஃபிரேமாக ஸ்கேன் செய்து, தூசியையும் கீறலையும் துடைத்தது. அதன் விளைவான ‘4கே77’ 2018-ல் முடிந்தது.

சட்டப்படி இவர்களுக்கு இதைச் செய்ய உரிமை இல்லை. 1933-ல் சுந்தர்ராஜ் மாட்டிக்கொண்ட அதே காப்புரிமைப் பிரச்சினைதான். அதனால் இவர்கள் விற்பதில்லை. அசல் டிஸ்க் வாங்கியவர்களே பார்க்க வேண்டும் என்று தங்களுக்குள் ஒரு விதியும் வைத்துக்கொண்டார்கள். 2012-ல் லூகாஸின் கம்பெனி டிஸ்னி கைக்கு மாறியது. 2025 ஜூனில் லண்டனில் பிரிட்டிஷ் திரைப்படக் கழகத்தின் விழாவில் 1977-ம் ஆண்டின் அசல் பிரின்ட் ஒன்று ஓட்டப்பட்டபோது டிக்கெட்டுக்கு அடிதடி. படத்தின் 50-வது ஆண்டையொட்டி 1977 வடிவத்தையே சீர்படுத்தி 2027-ல் தியேட்டர்களுக்குக் கொண்டுவரப்போவதாக அறிவிப்பும் வந்தது. ரசிகர்களின் பிடிவாதத்துக்கு இதில் பங்கில்லை என்று சொல்ல முடியாது.

ஒரு பிரின்ட் வேண்டும்

இந்த வேலைக்கு எல்லாம் அடிப்படை ஒன்றுதான். எங்காவது ஒரு பிரின்ட் இருக்க வேண்டும். நெகடிவ் அழிந்தாலும் தியேட்டர் பிரின்டை வைத்து மீட்கலாம். ஜி. அரவிந்தனின் ‘கும்மாட்டி’ (1979) அப்படித்தான் மீண்டது. அதன் நெகடிவ் போய்விட்டது. பூனா காப்பகத்தில் இருந்த 35 எம்.எம். பிரின்டைக் கொண்டு, இத்தாலியின் பொலோன்யா திரைப்பட ஆய்வகமும் சிவேந்திர சிங் துங்கர்பூரின் ‘ஃபிலிம் ஹெரிட்டேஜ் ஃபவுண்டேஷ’னும் மார்ட்டின் ஸ்கார்சிஸியின் ஃபிலிம் ஃபவுண்டேஷனும் சேர்ந்து 2021-ல் புதுப்பித்தார்கள். மறு ஆண்டு அரவிந்தனின் ‘தம்பு’ இதே வழியில் மீண்டு கான் விழாவில் ஓடியது. துங்கர்பூரும் ரசிகர் வரிசையில் வருபவர்தான். பி.கே. நாயரைப் பற்றி ‘செல்லுலாய்ட் மேன்’ (2012) எடுக்கப் போனவர், அதன் பிறகு படங்களைக் காப்பதையே வேலையாக்கிக்கொண்டார்.

தமிழிலும் இதற்கு வரவேற்பு இல்லாமல் இல்லை. 1964-ல் வந்த ‘கர்ணன்’ 2012-ல் டிஜிட்டலில் புதுப்பிக்கப்பட்டு வெளியானபோது 100 நாட்களைத் தாண்டி ஓடியது. ஆனால் எம்.ஜி.ஆரை வேற்றுக் கிரகவாசிகளோடு மோதவிட்ட ‘கலை அரசி’ (1963) போன்ற தமிழின் முன்னோடி விஞ்ஞானப் படத்துக்கு அப்படி ஒரு மறுபிறவி வாய்க்கவில்லை. கூட்டம் சேர்க்கும் என்று வியாபாரிக்குத் தோன்றும் படம் புதுப்பிக்கப்படுகிறது. மற்றவை யாராவது ஒரு பேனியாவின் காதில் விழக் காத்திருக்க வேண்டியதுதான்.

எல்லைக்கோட்டில் ஒரு தகப்பன்

டேனியலுக்கும் ஒரு பேனியா கிடைத்தார். சேலங்காட்டு கோபாலகிருஷ்ணன் என்ற பத்திரிகையாளர் 1960-களில் அவரைத் தேடிக் கண்டுபிடித்து, மலையாள சினிமாவின் தந்தை இவர்தான் என்று எழுதினார். ஆனால் அவர் கையில் கிடைத்தது மனிதர், படம் இல்லை.

நலிந்த கலைஞருக்கான உதவி கேட்டபோது கேரள அரசு மறுத்தது. 1956 நவம்பர் 1-ல் மாநிலங்கள் பிரிந்தபோது நெய்யாற்றின்கரை கேரளத்தோடு நின்றது, அகஸ்தீஸ்வரம் சென்னை மாகாணத்தோடு போனது. அந்தக் கோடு டேனியலைத் தமிழ்நாட்டுக்காரர் ஆக்கிவிட்டது. உங்கள் அரசிடம் கேளுங்கள் என்றார்கள். பேசாத படம் எப்படி மலையாளப் படம் ஆகும் என்ற கேள்வியும் எழுந்தது. இரண்டு மொழியும் புழங்கும் மண்ணில் பிறந்து, இரண்டு மொழிக்கும் பொதுவான மௌனத்தில் படம் எடுத்தவரை இரண்டு பக்கமும் தமதென்று கொண்டாடவில்லை. 1975-ல் அகஸ்தீஸ்வரத்தில் டேனியல் இறந்தார்.

கோபாலகிருஷ்ணன் விடவில்லை. அவரைப் போன்றவர்கள் எழுதி எழுதியே, 1992-ல் கேரள அரசு தன் வாழ்நாள் சாதனை விருதுக்கு ஜே.சி. டேனியல் பெயரைச் சூட்டியது. 2013-ல் கமல் இயக்கத்தில் பிருத்விராஜ் டேனியலாக நடித்த ‘செல்லுலாய்ட்’ வந்தது. கல்லடி பட்ட ரோசியின் பெயரும் மெல்ல மீண்டது. கேரளத்தில் பெண் திரைக்கலைஞர்கள் 2019-ல் அவர் பெயரில் ஒரு திரைப்படச் சங்கம் தொடங்கினார்கள். சென்னையில் பா. ரஞ்சித்தின் நீலம் அமைப்பு அவர் பெயரில் திரைப்பட விழா நடத்துகிறது. படம் கிடைக்காத இடத்தில், படம் எடுத்தவர்களையாவது மீட்டிருக்கிறார்கள்.

டேனியல் கதையில் இலங்கைக்குக் கடத்தப்பட்ட பிள்ளை கடைசியில் வீடு திரும்பிவிடுகிறான். அவர் எடுத்த பிள்ளை திரும்பவில்லை. ஆண்டுதோறும் திருவனந்தபுரத்தில் அவர் பெயரால் விருது வழங்கப்படுகிறது. மேடையில் கொடுப்பவர், வாங்குபவர், கீழே இருந்து கைதட்டுபவர் யாருக்கும் அவருடைய படத்தைத் திரையில் பார்க்க வழி இல்லை.